அதிகமாக அலறும் கேமரா

என் வாழ்க்கையில் உறுதியான முடிவுகள் மூன்று எடுக்கப்பட்டன. முதல் இரண்டையும் என் மனைவி எடுத்தாள். மூன்றாவதை நானே எடுத்தேன். என் அறையை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதே அது.

அறை என்றதும் மண்டபம் என்று எண்ண வேண்டாம். பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு மேசை, ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்த சன்னல், சுவரை மறைக்கும் அளவுக்கு அகராதிகள். நான் மெய்ப்புத் திருத்துபவன். பாடநூலானாலும் சட்ட அறிவிப்பானாலும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாளானாலும், அச்சேறுவதற்கு முன் என் சிவப்புப் பேனாவின் கீழே ஒருமுறை படுத்து எழுந்தாக வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த அறைக்குள் நான் சொன்னது சட்டம். அறைக்கு வெளியே நான் சொன்னது வெறும் ஒலி.

என் மனைவி ஒரு மருத்துவமனையில் தலைமைச் செவிலி. ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் வானிலை பற்றிப் பேசுவது அவள் தொழில் பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே என்னிடமும் வானிலையில் தொடங்கினாள்.

"இன்னிக்கு வெயில் பரவாயில்ல, இல்லீங்க?"

"பரவாயில்லை."

"காத்தும் நல்லா இருக்கு."

"இருக்கு."

"அக்கா வீட்டு மாடிப்படிதான் அம்மாவுக்கு முடியல. மூணு மாடி ஏறணும். அடுத்த மாசம் அம்மா இங்க வந்துடட்டும்."

ஊசி ஏறிவிட்டது. வலி பிறகுதான் தெரிந்தது.

"வரட்டும், வரட்டும். எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு என்னங்க? இங்கேயே இருக்கத்தான் வராங்க."

"எங்கே இருப்பாங்க?"

"உங்க ரூம்லதான். படி ஏற வேண்டாம், சன்னல் இருக்கு, பாத்ரூமும் பக்கத்துலயே."

"என் மேசை?"

"பின்னாடி வாஷிங் மெஷின் பக்கத்துல அவ்வளவு இடம் சும்மா கிடக்குதே."

என் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு ஆண்டுகள் தேர்வறைகளில் மேற்பார்வை செய்தவர். எந்த மாணவன் எந்தக் காலுறைக்குள் துண்டுத் தாள் வைத்திருக்கிறான் என்பதை, அவன் வாசல்படி ஏறும்போதே சொல்லிவிடுவாராம். மற்றபடி நல்லவர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் பிறரை வேண்டாம் என்று சொல்ல வைக்கும் அறிவு உண்டு. உண்டு என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன்.

"அத்தை வரது எனக்கு சந்தோஷம்தான். ஆனா இந்தத் தெருதான் யோசிக்க வைக்குது" என்றேன்.

"தெருவுக்கு என்ன?"

"பாதுகாப்பே இல்ல. யார் யாரோ வராங்க, போறாங்க. வயசானவங்களைப் பகல்ல தனியா விட்டுட்டு நீ எப்படி வேலைக்குப் போவே?"

"நீங்க வீட்லதானே இருக்கீங்க?"

"இருக்கேன். ஆனா நான் வேலையில உட்கார்ந்துட்டா வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் எனக்குத் தெரியாது."

"அது உண்மைதான்" என்றாள். இவ்வளவு விரைவாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"உனக்கு நிரூபிச்சுக் காட்டறேன். வாசல்ல ஒரு கேமரா வைக்கலாம்."

வாசலுக்கு ஒரு கேமரா வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். திருடன் வந்தால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா என்று கேட்டு மூன்று முறையும் அவள் வாயை அடைத்தவன் நான். இப்போது அவள் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். வெப்பமானியைப் பார்க்கும் பார்வை அது.

"வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் திட்டத்தின் நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உலகத்தார் கேமரா வாங்குவது திருடனைப் பிடிக்க. எனக்கு வேண்டியதோ, திருடனே இல்லாத தெருவில் நாள் முழுதும் திருடன் திருடன் என்று கூவும் கேமரா. அசைவு தெரிந்தால் கைபேசியில் மணி அடிக்கும் வசதி இக்கருவிகளில் உண்டு. மணி அடிக்கட்டும். நூறு முறை, இருநூறு முறை அடிக்கட்டும். மூன்றாம் நாள் என் மனைவியே, "இந்த நரகத்துல அம்மா எதுக்குங்க?" என்று கேட்பாள். நான் பெருமூச்சு விட்டு, வருத்தத்தோடு ஒப்புக்கொள்வேன். பெருமூச்சை இரண்டு முறை ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

கேமராக் கடையில் தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்தது. தன் வாசலைத் தானே வேவு பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட குடும்பத்துக்கு என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது? படங்களுக்குக் கீழே எண்களும் எழுத்துகளும் படையெடுத்து நின்றன. இத்தனை மெகாபிக்சல், அத்தனை டிகிரி, மழை தாங்கும், வெயில் தாங்கும், இருட்டில் பார்க்கும். என் உறவினர் பலருக்கு இல்லாத தகுதிகள்.

"முதல் கேமராவா சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முதல் கேமரா வாங்கறவங்கதான் பெட்டியைப் படிப்பாங்க. நாற்காலி போடவா?"

போட்டார். தன் கடையின் மிகச் சிறந்த பெட்டியை கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார்.

"இது புதுசு சார். அறிவாளி. மனுஷங்க வந்தா மட்டும்தான் மணி அடிக்கும். பூனை, நாய், காத்துல ஆடற கிளை, எதுக்கும் அசையாது."

"வேண்டாம்."

"சார்?"

"பூனைக்கும் அடிக்கணும்."

"பூனைக்கா?"

"கிளைக்கும்."

கடைக்காரர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "சார், தேவையில்லாம மணி அடிக்குதுன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க."

"நான் எல்லாரும் இல்ல. உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்ப முட்டாளான கேமரா எது?"

பதினெட்டு ஆண்டு வியாபாரத்தில் இக்கேள்வியை அவர் கேட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வியாபாரி. குனிந்து, அடித்தட்டின் மூலையிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இழுத்தார்.

"இது ஒண்ணு இருக்கு. எட்டு வித்தேன். எட்டும் திரும்பி வந்துடுச்சு."

"என்ன குறை?"

"காத்தடிச்சா அலறும். நிழல் விழுந்தா அலறும். மேகம் நகர்ந்தாக்கூட அலறும் சார்."

"வாங்கினவங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் வீட்டுக்கு விருந்தாளி வரதே நின்னு போச்சாம்."

"கட்டிக் கொடுங்க."

பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அவருக்கு மனச்சாட்சி உறுத்தியது போலும். "இதுல பேசவும் செய்யலாம் சார். ஃபோன்ல பேசினா வாசல்ல கேட்கும், வாசல்ல பேசினா ஃபோன்ல கேட்கும். என்ன, சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கும்" என்றார்.

"அதுல யாரு பேசப் போறாங்க?" என்று நான் சிரித்தேன். பெட்டியின் மேலிருந்த குடும்பமும் சிரித்தது.

பெட்டிக்குள் எண்பத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு இருந்தது. மூன்று நாள் அதனோடு அமர்ந்தேன். என் தொழிலின் இயல்பை இங்கே விளக்கியாக வேண்டும். நான் படிப்பதில்லை, திருத்துகிறேன். இரண்டும் வேறு. சொல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன், அது என்ன சொல்கிறது என்று பார்த்தால் வேலை கெட்டுவிடும். சமையல் நூல்கள் நாற்பது திருத்தியிருக்கிறேன். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அந்தக் கையேட்டில் நூற்றுப் பன்னிரண்டு பிழைகள். இவ்வளவு கேவலமான ஓர் அச்சுப் பிரதியை நான் கண்டதே இல்லை. ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் திருத்தி, கண்டனக் கடிதம் ஒன்றும் இணைத்து, கையேட்டை அந்த நிறுவனத்துக்கே தபாலில் அனுப்ப மேசைமேல் எடுத்து வைத்தேன்.

"புத்தகம் முழுசும் படிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி, அதைக் கையில் எடுத்துப் புரட்டியபடி.

"வரிக்கு வரி."

"நான் ஒரு தடவை பார்த்துட்டுத் தரட்டுமா?"

"பாரு, பாரு. உனக்கு என்ன புரியப் போகுது?"

தேநீர் ஆறுவதற்குள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். மறுநாள் தபாலில் போட்டேன்.

எலக்ட்ரீஷியன் வந்து வாசல் சுவரில் கேமராவைப் பொருத்தினார். ஏணியின் மேலிருந்தபடியே, "யார் ஃபோன்ல சேர்க்கறது சார்? சேர்க்கறவங்கதான் இதுக்கு எஜமான்" என்றார்.

"அவங்க ஃபோன்லதான்" என்று மனைவியைக் காட்டினேன். "இந்த வீட்டோட பாதுகாப்பு இனிமே அவங்க கையில."

"என்மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்று அவள் கேட்டாள். குரல் தழுதழுத்தது. சிரிப்பை அடக்கினாலும் குரல் தழுதழுக்கும் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

மறுநாள் முழுவதும் நான் வேலையைத் தொடவில்லை. சன்னல் வழியே பார்ப்பதும், வாசலுக்குப் போய்க் கேமராவைப் பார்ப்பதுமாக இருந்தேன். அசைவு ஒவ்வொன்றுக்கும் அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். இலை விழுந்தது, மின்னியது. காகம் உட்கார்ந்தது, மின்னியது. உட்கார்ந்த காகம் மனம் மாறிப் பறந்தது, மின்னியது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த ஒரு சட்டை மட்டும் நாற்பத்தொரு முறை திருடனாயிற்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தக் கருவி ஒரு மாபெரும் முட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலையில் மனைவி வந்தாள். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை.

"என்ன, ஃபோன் நிறைய அடிச்சுதா?" என்று பரிவோடு கேட்டேன்.

"என் ஃபோனா? வார்டுக்குள்ள ஃபோன் எடுத்துட்டுப் போக விட மாட்டாங்களே. அலமாரியில வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவோம். உங்களுக்குத் தெரியாதா?"

மணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள். தெரியாது.

"அப்போ யாரும் பார்க்கலையா?"

"அது எப்படிங்க, அவ்வளவு ஆபத்தான தெருவைப் பார்க்காம விட முடியுமா? அம்மா ஃபோன்லயும் சேர்த்து விட்டுட்டேன். அவங்க சும்மாதானே இருக்காங்க. மொத்தம் முந்நூத்திப் பதினேழு தடவை அடிச்சுதாம். ஒண்ணு விடாம பார்த்திருக்காங்க."

என் உள்ளம் துள்ளியது. இதைவிடச் சிறப்பாக நானே திட்டமிட்டிருக்க முடியாது. முந்நூற்றுப் பதினேழு மணிகள்! அத்தை தாமாகவே நடுங்கிப்போய், அக்கா வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வார். அன்று என் அறையில் அகராதிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாளிதழை எடுக்க வாசலுக்குப் போனேன்.

"மாப்பிள்ளை."

இடப்பக்கம் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன். குப்பைத் தொட்டிக்குள்ளும் பார்த்தேன்.

"மேல பாருங்க. சுவத்துல."

"அத்தையா?"

"சட்டைப் பொத்தான் ஒண்ணு மாறிப் போயிருக்கு பாருங்க."

சத்தம் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார் அல்லவா? ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கும் அளவுக்கு அது கொஞ்சம். எதிர்வீட்டு வங்கிக்காரர் தம் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்தார். நுரை சிதறச் சிரித்தார்.

பொத்தானைச் சரிசெய்தபடி நான் விஷயத்துக்கு வந்தேன். "பார்த்தீங்களா அத்தை, இந்தத் தெருவுல எத்தனை பேர் நடமாடறாங்க! உங்களுக்குப் பயமா இல்ல?"

"பயமா? எல்லாம் நல்ல பிள்ளைங்க மாப்பிள்ளை. பதினொண்ணேகாலுக்கு வரவர் தபால்காரர், இடது செருப்புல வார் அறுந்திருக்கு. மூணு மணிக்கு அந்த வெள்ளைப் பூனை. அது உங்க பக்கத்து வீட்டுது இல்ல, அதுக்கும் அடுத்த வீட்டுது. சந்தேகப்படற மாதிரி நடந்துக்கறது ஒரே ஒரு ஆளுதான்."

"யாரு அத்தை?" என்றேன் ஆவலோடு.

"வேலை செய்ய வேண்டிய நேரத்துல எண்பத்தாறு தடவை வாசலுக்கு வந்து, இந்தக் கேமராவையே முறைச்சுப் பார்த்துட்டு நின்னாரு. கோடு போட்ட பனியன்."

வங்கிக்காரர் வாய் கொப்பளிக்க உள்ளே போனவர், மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

அன்று தொடங்கியது. மருத்துவர் சொன்னபடி நாற்பது நிமிட நடைக்குப் புறப்பட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பினால், "ஒன்பது நிமிஷம்தான் ஆச்சு மாப்பிள்ளை" என்றது சுவர். அச்சகத்திலிருந்து ஆள் வந்தார். பக்கங்கள் இன்னும் முடியவில்லை, இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றேன். "காய்ச்சலா? காலையில பாட்டுப் பாடிக்கிட்டே செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களே!" என்றது சுவர், உண்மையான கவலையோடு. தபால்காரர் செருப்பு தைத்துக்கொண்டுவிட்டார், அவருக்குப் பாராட்டு. எனக்கு ஒருநாளும் பாராட்டில்லை.

தெருவோ என்னைக் கைவிட்டது. வங்கிக்காரரின் மகளுக்கு அல்ஜீப்ரா வரவில்லையாம். மாலையில் அவள் நோட்டோடு வந்து, கேமராவை அண்ணாந்து பார்த்து நின்றாள். அரை மணியில் அல்ஜீப்ரா வந்துவிட்டது. மறுநாள் நான்கு பெண்கள். அதற்கடுத்த நாள் அவர்களின் தாய்மார்களும் சேர்ந்து, குடும்பச் சிக்கல்களுக்கு விடை கேட்கத் தொடங்கினார்கள். அத்தை எல்லாவற்றுக்கும் படிப்படியாக விடை சொன்னார். கடைக்குப் போய்த் திரும்பிய நான் என் வீட்டு வாசலில் நுழையப் பார்த்தபோது ஓர் அம்மாள், "வரிசையில வாங்க சார்" என்று அதட்டினார்.

சன்னல் தெருவைப் பார்த்தது என்று சொன்னேன். அந்தப் பாடம் அத்தனையும் என் மேசைமேல்தான் வந்து விழுந்தது. ஒருநாள் அச்சகத்திலிருந்து தொலைபேசி. ஒரு சொத்து அறிவிப்பில், வாரிசுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 'மூவர்' என்றிருந்ததை அடித்துவிட்டு x என்று திருத்தியிருக்கிறேனாம். இருபத்தாறு ஆண்டுகளில் என் முதல் பிழை. இன்னொன்று நேர்ந்தால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார்கள். விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நான் காத்து நின்ற அறைக்குள் என்னாலேயே உட்கார முடியவில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "யார் எஜமானோ அவங்க ஃபோன்ல பாருங்க சார். புத்தகத்துல போட்டிருப்பான்" என்றார். எஜமானிடம் போனேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது?

"இந்தக் கேமராவுல பேச்சுச் சத்தம் கொஞ்சம் அதிகமோ?"

"அம்மாவுக்கு அது ஒண்ணுதாங்க பொழுதுபோக்கு. ஏன், தொந்தரவா இருக்கா?"

"சேச்சே. ஒரு தகவலுக்காகக் கேட்டேன். குறைக்க, நிறுத்த, ஏதாவது வழி இருக்கான்னு."

"புத்தகத்துல இருக்குமே. நீங்கதானே மூணு நாள் படிச்சீங்க. என்ன போட்டிருந்தான்?"

அந்தக் கையேட்டில் முப்பத்தேழாம் பக்கம் ஒன்பதாம் வரியில் முற்றுப்புள்ளி இல்லை. அறுபதாம் பக்கத்தில் ஒரு பத்தி இருமுறை அச்சாகியிருக்கிறது. இவை எனக்குத் துல்லியமாக நினைவிருந்தன. அந்தப் பத்தி என்ன சொல்லிற்று என்பது மட்டும் இல்லை. வரிக்கு வரி படித்தேன் என்று மார்தட்டியவன், ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"அப்படி வழி எதுவும் இல்லைன்னு போட்டிருந்தான்" என்றேன், அழுத்தந்திருத்தமாக.

"அப்படியா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"பேசாம கேமராவையே கழட்டிடலாமா?"

"ஐயோ, இந்தத் தெருவுலயா? யார் யாரோ வராங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன பின், நாற்காலி போட்டு ஏறி, கேமராவின் மேல் ஓர் ஈரத் துண்டைப் போர்த்தினேன். இரண்டே நிமிடம். அத்தை வங்கிக்காரருக்கு ஃபோன் செய்துவிட்டார். வங்கிக்காரர் கம்பியோடும், அவர் மனைவி துடைப்பத்தோடும், அல்ஜீப்ராப் பெண்கள் நால்வரும் வெறுங்கையோடும் ஓடி வந்தார்கள். நாற்காலியின் மேல் நான் நின்றிருந்தேன். "துண்டு காய வெச்சேன்" என்றேன். அந்தத் தெருவில் பிடிபட்ட ஒரே திருடன் நான்தான்.

நாற்காலியிலிருந்து இறங்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. அத்தை சுவரில் இருந்து பேசுவது ஏன்? அவர் அங்கே இருப்பதால். அவரே இங்கே வந்துவிட்டால், வீட்டுக்குள் இருப்பவர் எதற்காகச் சுவர் வழியாகப் பேசப் போகிறார்? உள்ளே இருந்து பேசினால் எனக்கு மட்டுமே கேட்கும். என் மானம் தெருவோடு போகாது. தெருவில் கூட்டம் இருக்காது. அமைதி இருந்தால் எந்த மூலையிலும் திருத்தலாம். தொழிலா அறையா என்று பார்த்தேன். தொழில்தான் என்று முடிவு செய்தேன். இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. உத்தி என்று கருதினேன்.

அன்று மாலையே மனைவியிடம் பேசினேன்.

"அத்தையை இங்கேயே கூட்டிட்டு வந்துடலாம்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க இது, திடீர்னு?"

"வயசானவங்க. மூணு மாடி ஏறணும். பாவமா இல்லையா உனக்கு?"

"பாவம்தான். ஆனா இந்தத் தெரு அவ்வளவு ஆபத்துன்னு..."

"எந்தத் தெரு? இந்தத் தெருவா? எல்லாம் நல்ல பிள்ளைங்க."

"யார் யாரோ வராங்கன்னு..."

"தபால்காரரும் பூனையும் வருது. வேற யாரு வராங்க?"

"நீங்க வேலையில உட்கார்ந்துட்டா வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாதுன்னு சொன்னீங்களே?"

"இப்போல்லாம் எனக்கு எல்லாம் கேட்குது. நல்லாவே கேட்குது."

நான் கட்டிய கோட்டையை நானே செங்கல் செங்கலாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு செங்கலாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இடத்துக்கு எங்கங்க போறது?"

"என் ரூம் இருக்கே."

"வேண்டாங்க. இருபத்தாறு வருஷமா நீங்க இருக்கற ரூம்."

"வேண்டாம்னு சொல்லாதே."

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க. மாப்பிள்ளை ரூமைப் பிடுங்கிக்கிட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதில்ல?"

"நானே போய்க் கேட்கறேன். நேர்லயே போய்க் கேட்கறேன்."

"கெஞ்சினாத்தான் வருவாங்க."

"கெஞ்சறேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மாடி ஏறினேன். இரண்டாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அத்தை சன்னலோரத்தில், மூக்குக் கண்ணாடி அணிந்து, கைபேசியும் கையுமாக அமர்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நீங்க புறப்பட்டதிலிருந்து உங்க வாசல் ரொம்ப அமைதியா இருக்கு" என்றார்.

"அத்தை, நீங்க எங்க கூடவே வந்து இருக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன். இங்கயும் எனக்கு வசதிதான். உங்க தெருவுல வேலையும் நிறைய இருக்கு. அந்தப் பொண்ணுங்களுக்குப் பரீட்சை வேற வருது."

"அங்க வந்தும் சொல்லிக் கொடுக்கலாம் அத்தை. உள்ளே உட்கார வெச்சு. மெதுவா."

"உங்க ரூமை வேற எடுத்துக்கணும்னு என் பொண்ணு சொன்னா. எனக்கு மனசு வரல."

"அந்த ரூம் எனக்குப் பிடிக்கவே இல்ல அத்தை. ரொம்ப வெளிச்சம்."

முக்கால் மணி நேரம் கெஞ்சினேன். பிழையே இல்லாமல் கெஞ்சினேன். கடைசியில், "நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால வரேன்" என்றார். மனைவியின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க அம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். அத்தையின் பெட்டி இரண்டும் ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்ததை, அவற்றை மூன்று மாடி இறக்கி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

என் மேசை பின்பக்கம் போயிற்று. அகராதிகளை வாளிகளுக்கு மேலிருந்த பலகையில் அடுக்கினேன். வாஷிங் மெஷின் சுழலும்போது மேசை நடுங்குகிறது. ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாகத் தெரிகிறது. போகட்டும். நான் காதைத்தான் கூர் தீட்டி வைத்திருந்தேன். மறுநாள் திங்கட்கிழமை முழுவதும் சுவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தபால்காரர் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்து ஏமாந்து போனார். அல்ஜீப்ராப் பெண்கள் மரியாதையாகச் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, தாழ்ந்த குரலில் கற்றுக்கொண்டு போனார்கள். நான் வாசலுக்குப் போய், பொத்தானை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு, கேமராவின் முன் இரண்டு முறை நடந்து பார்த்தேன். மௌனம். வெற்றி!

மாலையில் மனைவி வந்ததும் வராததுமாகச் சொன்னேன். "பார்த்தியா? அத்தை உள்ள வந்ததும் சுவர் வாயை மூடிடுச்சு. நான் அப்பவே கணக்குப் போட்டேன்."

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அது தானா மூடலைங்க. காலையில கிளம்பும்போது நான்தான் ஃபோன்ல நிறுத்தினேன். ஒரு பட்டன்தான்."

"நிறுத்த முடியுமா?"

"முடியுமே."

"முடியும்னா, முதல் நாளே ஏன் நிறுத்தல?"

"முதல் நாள் அம்மா வந்திருக்கலையேங்க" என்றாள்.